அங்கன போனா பாக்க வேண்டியது

அந்தப் பையில வைக்காதிய வந்தனாம்மா, நொறுங்கிப் போவும். டப்பாவுல வச்சு, சுத்தித் துணியத் திணிங்க. முறுக்கு முழுசாப் போய்ச் சேரணும்னா அதான் வழி. நவுளுங்க, நானே அடுக்கித் தாரேன். பெரிய மாமி தூங்குதாவளா? தூங்கட்டும். எந்திரிச்சா, ஏ சொர்ணம்மா, உப்பக் கூடப் போட்டுட்டியேன்னு ஆரம்பிச்சிருவாவ.

அன்னைக்கி ஆர்டர் சொல்லும்போது அந்த ஊரு பேரச் சொன்னியள்லா, எனக்கு அதுக்குப் பொறவு கையி ஓடல. மஸ்கட்ல எறங்கி காருல போவிய, அப்படித்தான? காலையில கெளம்பினா மத்தியானம் தாண்டித்தான் போய்ச் சேருவிய. வழியில ஒண்ணும் கெடையாது. மணலு, ஒட்டகம், மறுபடி மணலு. பெட்ரோலக் கண்ட எடத்துல போட்டுக்கிடச் சொல்லுங்க உங்க வீட்டுக்கார ஷ்ரவண் தம்பிய. அடுத்த பம்பு வரும், அடுத்த பம்பு வரும்னு போனா நடுக்காட்டுல நிக்க வேண்டியதுதான். தண்ணியும் நெறைய வச்சுக்கிடுங்க.

நானா? நான் எங்க போனேன்! தாராவிய விட்டா சயான், சயான விட்டா உங்க மாட்டுங்கா. எம்மவன் அங்கதான இருக்கான், மாரீஸ்வரன். நீங்க போன்ல காட்டினியளே, நீலக் கதவு வச்ச கூடாரம், அந்தக் கேம்ப்புலதான். அங்க இருக்கதே அது ஒண்ணுதான். கிச்சன்லதான் மொதல்ல சேந்தான். பொறவு, இவனுக்கு வாயி நல்லா இருக்குன்னுட்டு, வாறவியளக் கூட்டிட்டுப் போயி சுத்திக் காட்டுத வேலையும் குடுத்துட்டாவ. வாயி யாரு வாயி? என் வாயி. அங்க பாத்ததெல்லாம் வாட்ஸாப்புல பேசிப் பேசி அனுப்புவான், நான் முறுக்குச் சுத்திக்கிட்டே கேப்பேன். அதான் கண்ணால பாத்தவ மாதிரி பேசுதேன்.

இந்தா பாருங்க, சிவப்பு நூலு கட்டினது உங்களுக்கு இல்ல, அவனுக்கு. நீங்கதான் கொண்டு சேக்கணும். வெயிட்டு கூடிருமா? ஏம்மா, இது ஒரு செருப்பு வெயிட்டு வருமா? தம்பிக்கு எத்தன சூவு வச்சிருக்கிய உள்ள? நாலு நாளைக்கி மணல்ல நடக்கப் போறதுக்கு இம்புட்டு சூவு எதுக்கு, ஒண்ண வெளிய எடுங்க. உங்க ஆர்டருக்குக் காசுகூட வேண்டாம் இந்தத் தடவ. இத மட்டும் மாட்டேன்னு சொல்லிராதிய.

ஆமா, அரிசி கொண்டு போனா ஏர்போர்ட்ல பிடிப்பானா? பச்சரிசி. ஒரு பிடிதான் இருக்கும். இல்ல இல்ல, சும்மாக் கேட்டேன். பொறவு சொல்லுதேன்.

மொதல்ல மணலச் சொல்லுதேன். வெள்ளையா இருக்குமாம், நம்ம ஜூஹு மணலு மாதிரி இல்ல. சலிச்ச மாவு கணக்கா இருக்குமாம். அந்த மேடு நேரா கடலுக்குள்ளயே எறங்கும். உச்சியில உக்காந்து சறுக்கிட்டே வந்தா காலு தண்ணியில வந்து நிக்கும்பான். சாயங்காலமாப் போங்க. மத்தியானம் ஏறினா கொப்பளிச்சுப் போவும், நீங்க மெத்துன்னு இருக்க காலு.

தண்ணி வத்துத நேரத்துல கடலோரமாப் போனா ரோஸு பறவை நிக்கும். நம்ம சிவ்ரி சேத்துல வந்து நிக்கும்லா, அதே பறவைதான். அம்மா, நீ அங்க பாக்குத பறவைதான் இங்க வருதுன்னு நெனைக்கேன், சேதி எதுவும் இருந்தா அது காதுல சொல்லி அனுப்பும்பான். எங்கிட்டயே கிண்டலு. பறவை சேதி கொண்டாருத வரைக்கும் எங்க ஒத்த ரூம்பு கோலியில எவ இருப்பா, நீ போன் பண்ணுல மூதின்னு ஏசுவேன்.

அப்புறம் ஒரு வெள்ளைப் பொட்டல் வரும், உப்புத் தரை. மேல காஞ்சு கெட்டியாத் தெரியும், அடியில பூராச் சகதி. காரு அதுல எறங்கினா பொதைஞ்சிரும். வண்டித்தடம் போற எடத்துலயே போங்க. தம்பி வேகமா ஓட்டுவாவளோ? நீங்க பக்கத்துல உக்காந்து சத்தம் போடுங்க, அதுக்குத்தான பொண்டாட்டி.

அங்க உள்ள ஆளுக பிரியமானவிய. கூப்பிட்டு உக்கார வச்சு காப்பி குடுப்பாவ, பேரீச்சம்பழத்தோட. சின்னக் கிண்ணம். காலி ஆவ ஆவ ஊத்திக்கிட்டே இருப்பாவ. போதும்னு வாயால சொன்னா கேக்க மாட்டாவ, கிண்ணத்த இப்பிடி லேசா ஆட்டிக் காட்டணும். இது தெரியாம எம்மவன் மொத நாளு குடிச்சுக் குடிச்சு ராத்திரி பூரா முழிச்சிட்டு கெடந்திருக்கான்.

ஆமை பாக்கணும் நீங்க. முட்டையிடக் கரையேறும். டார்ச்சு அடிக்கப்பிடாது, பேசப்பிடாது. உங்களால பேசாம இருக்க முடியும், என்னாலதான் ஆவாது. முட்டையிடும்போது அது கண்ணுல தண்ணி வழியுமாம். பாக்கவிய எல்லாம் ஐயோ அழுவுதேங்காவளாம். அழுவல, ஒடம்புல உள்ள உப்ப வெளிய தள்ளுதுன்னு இவன் வெளக்கம் சொல்லுவானாம். எனக்கு என்னமோ நம்பிக்கையில்ல. முட்டைய மணல்ல போட்டு மூடிட்டு, திரும்பிப் பாக்காமப் போவுதே, அழாமயா போவும்?

சிக்னலா? கேம்ப்புல கெடையாது. பின்னால ஒரு குன்னு இருக்கு, அதுல ஏறி நின்னாத்தான் வரும். அவன் எனக்குப் பேசுததெல்லாம் அங்க நின்னுதான். காத்து இரைச்சலுக்குள்ள அவன் கொரலத் தேடணும். வெயில் காலத்துல, ஆடி தாண்டுத வரைக்கும், கேம்ப மூடிப் போடுவாவ. எல்லாரும் ஊருக்குப் போயிருவாவ, இவனும், படகு ஓட்டுத பைசான்னு ஒரு பையனும் மட்டும் காவலுக்கு. ரெண்டு பேரும் ஒரே ரூம்பு. நான் குடுத்து விடுத முறுக்குல பாதிய அந்தப் பைசான்தான் திம்பான்.

போனுன்னதும் ஞாபகம் வருது, ஒரு கூத்தக் கேளுங்க. போன ஆடி மாசம். பெரிய ஆர்டரு, நான் எண்ணெய்ச் சட்டி முன்னால உக்காந்திருக்கேன், மருமவ மாலதி மாவு பெசையுதா. போனு அடிக்கி. எவனோ ஹிந்தியில, பூலோகம் வீடான்னு கேக்கான். பூலோகம்ங்கது எங்க வீட்டுக்காரவிய பேரு. இருந்த வரைக்கும் அந்தப் பேர வாயால சொன்னதில்ல, இப்ப சொல்லிட்டேன், போவுது. அவிய செத்தது, இந்த மாலதி கல்யாணமாகி வாரதுக்கும் முந்தி. லைனு வேற கரகரங்கு. பூலோகம் காணோம், பூலோகம் காணோம்னு அதையே சொல்லுதான். இப்பத்தான் ஃபிராடுப் பயலுவ, உன் கார்டு பந்த் ஆயிட்டு, உன் புருசன் பேருல பார்சல் வந்திருக்குன்னு தெனம் ஒருத்தன் பேசுதானே. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கெடைக்க மாட்டாருல, போயி சயான் சுடுகாட்டுல தேடுன்னு சொல்லி டப்புன்னு வச்சேன். மறுபடி அடிச்சான். மறுபடி வச்சேன். மூணாவது அடிச்சப்ப போன அமத்தியே போட்டுட்டேன்.

சிரிக்கியளா? நாங்களும் அப்பிடித்தான் சிரிச்சோம். மாலதி சிரிச்ச சிரிப்புல மாவத் தரையில கொட்டிட்டா. தெருவுல உள்ளவியகிட்ட எல்லாம் நான் நடிச்சுக் காட்டினேன்.

சரி, விட்டதச் சொல்லுதேன். நெலா இல்லாத நாளு போறிய, அப்ப கடல்ல கைய விட்டா நீலமா மின்னுமாம். அளைய அளைய மின்னும். அத மட்டும் வீடியோவுல எடுத்தா வராதும்பான். நீ வந்துதான் பாக்கணும்மா, ஒரு தடவ கூட்டிட்டு வாரேம்பான். பாஸ்போர்ட்டு எடுன்னு சொன்னான். எனக்கு எதுக்குல பாஸ்போர்ட்டுன்னு விட்டுட்டேன்.

போட்டுல கூட்டிட்டுப் போயி டால்ஃபின் காட்டுவாவ. காத்து இருந்தா போவாதிய. நீங்க போறது கார்த்திகை, இப்ப கடலு அடங்கிக் கெடக்குமாம், பயமில்ல. ஆடியிலதான் அது கோட்டி புடிச்சு ஆடும். இருந்தாலும் போட்டுல குடுக்குத அந்த மெதக்குத ஜாக்கெட்ட மாட்டிக்கிடுங்க. எம்மவனுக்கு நீச்சல் தெரியாது. தாராவிப் பிள்ளைக்கு எங்க நீச்சல், மாஹிம்ல காலு நனைச்சதோட சரி. கட்டிப் போட்ட போட்டு காத்துல அத்துக்கிட்டுப் போனாலும், அதப் பிடிக்கேன்னு எறங்குத புத்தி அவனுக்கு. ஒரு சோலிய முடியாதுன்னு சொல்லத் தெரியாது.

இன்னொண்ணு, அங்க போயி மாரீஸ்வரன் எங்கன்னு கேக்காதிய. யாருக்கும் தெரியாது. நம்மவியளுக்குக் குடும்பப் பேரு கெடையாதுலா, பாஸ்போர்ட்ல கடைசியில அப்பா பேரப் போட்டுட்டாவ. அங்க உள்ளவிய வாயில மாரீஸ்வரன் நுழையல, அந்தக் கடைசிப் பேரப் பிடிச்சுக்கிட்டாவ. சட்டையிலயும் அதத்தான் தச்சுக் குடுத்திருக்காவ.

ஆமாம்மா. பூலோகம். அங்க எம்மவன் பேரு பூலோகம்.

எங்கிட்ட சொல்லவே இல்ல அவன். அப்பா பேர நான் வாயால எடுக்க மாட்டேன்னு தெரியும்லா, அதான் சொல்லாம விட்டிருப்பான். அந்த ஆடிக்குப் பொறவு அவன் போனு வரல, பேச்சும் வரலன்னு நாளு போயிக்கிட்டே இருக்கு, மாலதி பழைய போட்டோவப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே கெடந்தா. அதுல சட்டையில இங்கிலீசுல தச்சிருந்ததப் படிச்சா. அத்தே, மாமா பேரு போட்டிருக்குன்னா. எங்க ரெண்டு பேருக்கும் அப்பத்தான் அந்த போனு நெனப்பு வந்துச்சு. காணோம் காணோம்னு அவன் கெடந்து கத்தினது எம்மவன. நான் சுடுகாட்டுல தேடுன்னு சொல்லிட்டேன்.

நீங்க ஏன் எந்திரிக்கிய? உக்காருங்க. தண்ணியெல்லாம் வேண்டாம்.

எல்லாம் பாத்தாச்சும்மா. அந்த நம்பருக்கு அடிச்சா அணைஞ்சு கெடக்கு. பைசான் நம்பராத்தான் இருக்கும். அனுப்பி வச்ச ஏஜென்டு ஆபீசு பூட்டிக் கெடக்கு, வாசல்ல டீக்கடை போட்டிருக்கான். எங்க தெரு மன்றத்துலேருந்து கம்பெனிக்கு மெயில் போட்டுக் குடுத்தாவ. பதில் வந்துச்சு. பூலோகம் விசயமா வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சு, வீட்டுல உள்ளவிய வாங்கிக்கிட்டாவன்னு. என்ன தகவல்னு இல்ல. திருப்பிக் கேட்டா பதிலே இல்ல. அவியளச் சொல்லி என்ன செய்ய, தகவல வாங்கினவ நான்தான.

வேண்டாம்மா, நீங்க இப்ப போனப் போடாதிய. போன்ல வந்தத நான் கேட்ட லட்சணத்தத்தான் சொன்னேனே. நேருல போறிய, கண்ணால பாருங்க. பைசான் இருந்தா அவனுக்குத் தெரியும்.

மாலதி தெனம் காலையில பூக்காரி சத்தம் கேட்டதும் என் மூஞ்சியப் பாப்பா. அத்தே, பூ வாங்கவா, வேண்டாமான்னு. வாயத் தெறந்து கேக்க மாட்டா, பாப்பா. நான் என்னத்தச் சொல்ல? வாங்கு வாங்குன்னு சொல்லுதேன். சில நாளு சொல்ல முடியாம அடுப்பப் பாத்துக் குனிஞ்சுக்கிடுதேன். சொந்தக்காரவிய, வைக்கோல்ல உருவம் செஞ்சு காரியத்த முடிச்சிருங்காவ. உசுரோட இருந்தான்னா? இவனுக்கே வைக்கோல வச்சு எரிக்கச் சொல்லுதியளான்னு சண்டைக்குப் போனேன். பொறவு ராத்திரி படுத்தா, காரியம் செய்யாம அவன் அங்கன அல்லாடிக்கிட்டு இருந்தான்னான்னு தோணுது. எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. எந்தப் பக்கமும் காலு எடுத்து வைக்க முடியல.

அதான் ரெண்டாக் கட்டியிருக்கேன். சிவப்பு நூலு முறுக்கு, அவனுக்குப் பிடிச்ச மாதிரி நல்லாச் செவக்க விட்டு எடுத்தது. இது, இந்த மஞ்சத் துணியில, அரிசி. வாய்க்கரிசி. காலையில மாலதிகிட்ட, முறுக்குக்கு ஒரு பிடி பச்சரிசி கொறையுது, அள்ளிப் போடுட்டின்னேன். அவ கையாலயே அள்ளிப் போட்டா. எதுக்குன்னு தெரியாது அவளுக்கு. தெரிய வேண்டாம்.

அழாதிய, பெரிய மாமி முழிச்சிருவாவ. அவன் இருந்தா முறுக்கக் குடுங்க, ஒங்கம்மா ஏசினான்னு சொல்லுங்க. இல்லன்னா, அந்த மணலு கடலுக்குள்ள எறங்குதுன்னு சொன்னேன்லா, அங்கன நின்னு இந்த அரிசிய மூணு தடவையாத் தண்ணியில விடுங்க. வாய்க்கரிசி போடணும்னா சொந்தமா இருக்கணும்னு ஒண்ணுமில்ல. விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க.

ஊர்லேருந்து வந்ததும் எனக்கு ஒண்ணும் வாயத் தெறந்து சொல்ல வேண்டாம். எந்தப் பொட்டலம் மிச்சமோ, அத மட்டும் என் கையில குடுத்துருங்க.