கல்லுச் செடி வாங்க வந்தவங்க

ஐயோ, தண்ணி ஊத்திராதீங்க! அந்தப் பாட்டில அங்கிட்டு வைங்க. இப்பச் சித்திரை வெயில்ல இது தூங்குது. சுருங்கிக் கெடக்குதேன்னு பாவம் பாத்து ஊத்துனா, கொழகொழன்னு அழுகிப் போயிரும். ஆமாங்க, செடிதான். தொட்டுப் பாருங்க. வர்ற எல்லாருமே மொதல்ல கூழாங்கல்லுன்னுதான் நெனப்பாங்க.

மாடியில வெயிலடிக்குது, இந்தப் பச்சை வலைக்குள்ள வாங்க. இல்ல, எனக்கு இங்கிட்டு உக்காருங்க. அந்தக் காது சரியாக் கேக்காது.

ஐப்பசி மழைதான் இதுக்கு எமன். மொத இடி கேட்டதும் தகரத்துக்கு அடியில இழுத்துருவேன். பனி எறங்குனா நடுவுல வெடிச்சு, உள்ளேருந்து புது ஜோடி எலை வரும். பழைய எலையில இருக்க தண்ணியக் குடிச்சுத்தான் புதுசு வளரும். பழசு காஞ்சு தோலாகுற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. நாமளாப் பிச்சும் எடுக்கக் கூடாது. மாசியில லேசா ஈரங் காட்டுனாப் போதும்.

கல்யாணமான புதுசுல ஆரம்பிச்சது. எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருந்தாரு. நான் பொன்னமராவதியில அவுக வீட்டுல தனியா. பொழுது போகலன்னு ஆன்லைன்ல வெதை வாங்கிப் போட்டேன். வெதையா அது, தூசி. மூச்சு விட்டாப் பறந்துரும். அது இந்தத் தண்டி ஆகுறதுக்குள்ள அந்தாளு வேலைய விட்டுட்டு ஊரோட வந்துட்டாரு.

காதா? அது மொத அடிங்க. தொட்டியத் தொடச்சுக்கிட்டு இருந்தவ, வெளிய போயிருந்தவரு அடிச்ச போனை எடுக்க லேட்டாயிருச்சு. செவுட்டுலயே ஒண்ணு. மறுநா அழுதாரு, புதுச்சேலை வாங்கியாந்தாரு. நானும் நம்புனேன்.

அப்புறம் அடிச்சா நான் அழுகறதில்ல. ஆனா செடியத் தொட்டாப் பதறுவேன். அதைக் கண்டுபுடிச்சுட்டாரு. ஐப்பசி அடைமழையில தொட்டியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து முத்தத்துல வச்சாரு. என் முடியக் கையில சுத்திப் புடிச்சு, ஜன்னல்ல நிறுத்தி, பாருடீன்னாரு. பாதிக்கு மேல அழுகிப்போச்சு.

அடுத்த வருசம் மிஞ்சுனதுல ஒண்ணு பூத்துச்சு. மஞ்சப்பூ, செடிய விடப் பெருசு. மத்தியானத்துக்கு மேலதான் விரியும். எங்கம்மாவுக்குப் போட்டோ அனுப்பிக்கிட்டு இருந்தேன். எவனுக்குடி அனுப்புறேன்னு போனைப் புடுங்கிச் செவுத்துல அடிச்சாரு. தொட்டிகளத் தள்ளிவிட்டு பூட்ஸ் காலால மிதிச்சாரு. பச்சுப் பச்சுன்னு தெறிக்குது. பூத்த செடிய நான் கையால மூடிட்டேன். கை மேலயே மிதிச்சாரு. இந்த ரெண்டு விரலும் இப்பவும் மடங்காது, பாருங்க. எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

கத்துனேன். கத்தாதேன்னு கழுத்த நெரிச்சாரு. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. கீழ தடவுனா மண்ணு கொத்துற களைக்கொட்டு கையில ஆம்புட்டுச்சு. ஒரே போடு, மூஞ்சியில. நெத்தியிலேருந்து எடது புருவம் வரைக்கும் பொளந்துருச்சு. என் மேலெல்லாம் ரத்தம். அப்பத்தான் கழுத்த விட்டாரு. இன்னொண்ணு போடவான்னு கேட்டேன். செவுத்தோரமாப் போயி ஒண்டிக்கிட்டாருங்க, அவ்வளவு பெரிய ஆளு.

ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைஞ்சு அறுத்துவிட்டாச்சு. அந்தச் செடி பொழைக்கல. இதெல்லாம் இங்க விராலிமலைக்கு வந்து திரும்பப் போட்ட வெதை.

முன்னப் பின்னத் தெரியாதவகிட்ட இதையெல்லாம் ஏன் சொல்றேன்னு பாக்குறீங்க. எல்லாருகிட்டயும் சொல்றதில்லம்மா.

நீங்க வந்தப்ப நான் இதே மாடியிலதான் நின்னேன். கட்டிக்கப் போறவரு எறக்கிவிட்டுட்டுப் போனாருன்னு சொன்னீங்கள்ல? தெருமுக்குல ஹெல்மெட்டக் கழட்டி மூஞ்சியத் தொடச்சாரு, பாத்தேன். பேரு வெற்றிசெல்வன்தானே? புருவத்துல இருக்கிறது வண்டியில விழுந்த தழும்புன்னு சொல்லியிருப்பாரு.

நான் இங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. உக்காருங்க. இந்தா, கீழ ஹாரன் அடிக்குது. நீங்க எந்திரிக்க வேணாம். நான் எறங்கிப்போயி வாசல் கேட்டுக்கு முன்னால நிக்கிறேன். என்னையப் பாத்தா வண்டியத் திருப்பிருவாரு.