அசல் குழாய்

காரைக் கிளப்பும் முன் ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு அதுதான் காலை வணக்கம். அப்புறம் சாவியைத் திருப்பினால் அதுவும் பதில் சொல்லும்.

வாலரூ ஊரின் பழைய கார் சங்கத்தில் எல்லா வண்டிகளுக்கும் கார்புரேட்டரைச் சரிசெய்தவன் நான்தான், சார்ஜென்ட். புகையை முகர்ந்தே பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவேன். ஞாயிறானால் என் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசைகட்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை.

பிறகு ராஸ் ட்ரெஸைஸ் தன் கிங்ஸ்வுட் காரின் கார்புரேட்டரைக் கழற்றி, கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்தான். அதன் இடத்தில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை வைத்தான்.

"லயல், உன் மூக்குக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டேன்டா," என்றான், எல்லோர் முன்னாலும். "சாவியத் திருப்புனா கெளம்பிடும். மிதிக்கவும் வேணாம், கெஞ்சவும் வேணாம்."

அவன் மனைவி கோரலும் சிரித்தாள். "பெட்ரோல் நாத்தமே போச்சு லயல். இப்பத்தான் தலவலி இல்லாம இந்த ஆளு பக்கத்துல உக்கார்றேன்."

ஒவ்வொருவராக இன்ஜெக்டருக்கு மாறினார்கள். என் கொட்டகை வாசலில் புல் முளைத்தது. எனக்குக் கோபமில்லை. வண்டிகளுக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

சங்கத்தின் கார் கண்காட்சி அன்று ராஸும் கோரலும் சாப்பிட பேஸ்டி வாங்கப் போனார்கள். "வண்டியப் பாத்துக்கடா," என்றான் ராஸ். பார்த்துக்கொண்டேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் புதுக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்து ரப்பர் குழாய் ஒன்றை மாட்டினேன். அந்த மாடலுக்கான அசல் பாகம். கிடைப்பது அரிது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெல்ல வந்தால் போதும்; அதற்காகச் செய்த குழாய் அது. இன்ஜெக்டருக்கோ பத்து மடங்கு அழுத்தம் வேண்டும். இது ராஸுக்குத் தெரியாததல்ல. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். கம்ப்யூட்டரை நம்புகிறவர்கள் திறந்து பார்ப்பதில்லை.

வண்டியைக் கிளப்பியதும் கோரல் மூக்கைச் சுளித்தாள்.

"லயல், பெட்ரோல் வாட அடிக்குதா?"

அவள் என்னைத்தான் கேட்டாள். இத்தனை நாள் கழித்து ஒருவர் என் மூக்கைக் கேட்டார்.

"பழைய வண்டின்னா அப்டித்தாம்மா," என்றேன். "நல்ல வாசன."

கடினா சாலை வளைவில் குழாய் வெடித்து வண்டி தீப்பிடித்தது. ராஸ் வெளியே வந்துவிட்டான் என்கிறார்கள். கோரலுக்காகத் திரும்பிப் போனான். அது அவன் எடுத்த முடிவு.

கொன்றேன் என்று எழுதாதீர்கள், சார்ஜென்ட். அசல் நிலைக்குத் திருப்பினேன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. என் வண்டியை எடுத்துவரப் போகும் உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள்: இரண்டு முறைதான் மிதிக்க வேண்டும். மூன்றாவது மிதிக்குப் பெட்ரோல் வழியும். யாருக்காவது ஏதாவது ஆகிவிடப் போகிறது.