அம்மன் பாஸ் பண்ணிய ஷாஃப்ட்

இதை எழுதப் பல வருஷமாகத் தயங்கினேன். சாமி குத்தமாகிவிடுமோ என்ற பயம்தான்.

பல்லேபொல பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய அக்கா புருஷனும் இருந்தார்கள். அவர் அலுவிகாரையில் லேத் பட்டறை வைத்து, நெல் சூடடிக்கும் மெஷினுக்குள் சுழலும் இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்டை, கடைபவர். அவள் அந்த மெஷின் செய்யும் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்ப்பவள். பேச்சிலிருந்தே இது தெரிந்தது.

“அம்மன் பாஸ் பண்ணினத நீ எப்படி ரிஜெக்ட் பண்ணலாம்? பூசை வச்சுத்தானே அனுப்பினேன்.”

“பெட்டியில வந்த ஷாஃப்டுல பாதி வளைஞ்சிருக்கு அத்தான். மெஷின் ஆடி பெல்ட் கழண்டா வயல்காரன் கை போயிடும்.”

“திருப்பி அனுப்பினா இனி எனக்கு வேலையே தரமாட்டாங்க. பூசையில பொட்டு வச்ச ஷாஃப்ட அளந்தியா?”

“அளந்தேன். அது ஒன்னுதான் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.”

“பாத்தியா, அம்மன் சக்தி.”

“என்ன சக்தி? இருக்கிறதுல நல்லதாப் பாத்துப் பூசைத் தட்டுல வச்சிருக்கீங்க. அம்மனுக்கே சாம்பிள் காட்டி ஏமாத்தியிருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவர் திரும்பி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

“சரி, திருப்பி அனுப்பு. புதுசாக் கடைஞ்சு தர்றேன். ஆனா மறுபடியும் பூசை வைப்பேன்.”

“வைங்க அத்தான். தட்டுல வைக்கிறத மட்டும் பெட்டியில கைக்கு வந்தபடி நான் எடுத்துத் தர்றேன்.”

யாருக்காவது சொல்வதென்றால் இதை இப்படியே சொல்லுங்கள். அவள் சாமியைப் பழித்தாள் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.