எஞ்சினை அணைக்காத இரண்டு வெள்ளை வண்டிகள்

என் பெயர் முபாரக், தகப்பனார் பெயர் ஜாசிம், வயது ஐம்பத்திரண்டு. மூத்த மகன் பெயரால் என்னை அபூ ராஷித் என்று அழைப்பார்கள். தோஹாவில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். மாடியை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன்.

ஜோர்டானிலிருந்து கலீல், அவர் மனைவி ரீமா, கைக்குழந்தை ஸமா மூவரும் நேற்று மாடிக்கு வந்தார்கள். வருகிறவர்களுக்கு ஊர் நடப்பைச் சொல்வது என் வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் வரை பல கடைகள் திறக்காது, பெண்கள் இருக்கும் பக்கம் படம் எடுக்கக் கூடாது, பகலில் குழாய்த் தண்ணீர் கொதிக்கும், பிள்ளை மேல் அப்படியே ஊற்றிவிடாதீர்கள் என்றெல்லாம் சொன்னேன்.

அதன் பிறகு இன்று காலை அவர்களுக்கு சிம் கார்டு வாங்க, நான் என் வண்டியில் முன்னால் போக, அவர்கள் வாடகை வண்டியில் பின்னால் வந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை வண்டி. எங்கள் தெருவில் பாதி வண்டி அதுதான். கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். கலீல் எஞ்சினை அணைக்கப் போனார். ரீமா தூங்குகிற குழந்தையைத் தூக்கப் போனார். எங்கள் ஊரைச் சந்தேகப்படுகிறார்களே என்று எனக்குச் சுருக்கென்றது.

"அணைக்காதீங்க தம்பி, ஏசி ஓடட்டும். பிள்ளை அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

"பூட்டக்கூட வேணாமா, அபூ ராஷித்?" என்று ரீமா கேட்டார்.

"இங்க எவன்மா அடுத்தவன் வண்டியை எடுப்பான்? நான் பொறுப்பு."

அதன் பிறகு இரண்டு வண்டியையும் ஓடவிட்டு, குழந்தையை அவர்கள் வண்டியிலேயே விட்டுவிட்டு, பெரியவர்கள் மூவரும் உள்ளே போனோம். கூட்டமாக இருந்தது. எனக்கு வங்கியில் வேலை இருந்ததால் சொல்லிக்கொண்டு நான் மட்டும் வெளியே வந்து, கண் கூசும் வெயிலில் வண்டியில் ஏறி, பெரிய சாலையைப் பிடித்தேன். அதன் பிறகு பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையின் ஒரு காலில் மட்டும் காலுறை இருந்தது.

என் போன் என் வண்டியில் இருந்தது. திரும்பும் இடம் இன்னும் வரவில்லை. குழந்தை வீறிட்டது. ஓரமாக நிறுத்தித் தூக்க நினைத்தேன். அடுத்தவர் பிள்ளையோடு சாலையோரம் நிற்பவனை யார் நம்புவார்கள் என்று பயந்து நிறுத்தவில்லை.

"அழாதடா கண்ணு, உம்மாகிட்டதான் போறோம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். என் குரலைக் கேட்டு இன்னும் அழுதது. அதன் பிறகு சத்தமே இல்லை. அழுததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது ரீமா கடை வாசலில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். கலீல் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் காவலர் என் கையைப் பிடித்தார். ரீமா கதவைத் திறந்தார். குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு விழித்திருந்தது.

"வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா வண்டி மாறிப்போச்சும்மா" என்றேன்.

"உங்களை நம்பித்தானே விட்டோம்" என்றார் ரீமா.

புகார் எதுவும் இல்லை என்று கலீல் காவலரிடம் சொன்னார். அதன் பிறகு தன் வண்டியின் எஞ்சினை அணைத்தார். என் வண்டி அதுவரை யாரும் தொடாமல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதையும் அணைத்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் போனார்.

நான் சொல்லச் சொல்லக் காவலர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுதான், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)
முபாரக் ஜாசிம்