பொட்டு வைக்காத மூன்றாவது டிஸ்க்கு

மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தால் நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சத்தத்துக்குப் பழகியவன்தான். பாளையம்பட்டி பக்கத்து நூற்பாலையில் ஏழு வருடமாகக் கேமரா சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அறையில் காற்றாடிகள் ஓயாமல் இரையும். ஆனால் பத்து நாளாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வேலை முடிந்ததும் திருச்சுழிக்கு பஸ் ஏறுகிறேன். இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். கண்டக்டர் இப்போது என்னை எதுவும் கேட்பதில்லை.

பஞ்சு குடோனில் பேல்கள், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகள், சரிந்து தங்கலட்சுமி இறந்த அன்றைய படம் எப்படி அழிந்தது என்று கேட்டீர்கள். நான்தான் அழித்தேன். காரணத்தைச் சொன்னால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஐந்து டிஸ்க்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு கேமராவின் படங்களும் துண்டு துண்டாகப் பிரிந்து ஐந்திலும் போய் உட்காரும். கூடவே ஒரு கணக்கும் எழுதப்படும். ஒரு டிஸ்க்கு செத்துப்போனால், மற்ற நான்கும் அந்தக் கணக்கை வைத்து அதன் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவதும் போனால்தான் எல்லாம் போகும். கம்ப்யூட்டர்காரர்கள் ரெய்டு என்று சொல்வது இதைத்தான். அந்த ஏற்பாட்டில் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. ஒருவன் கைவிட்டாலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு மூன்றாவது டிஸ்க்கு செத்தது. கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து நிலவரம் கேட்டால், நல்ல டிஸ்க்குக்கு ஒன்றாக நான்கு எழுத்தும், செத்ததற்கு மூன்றாம் இடத்தில் ஒரு கோடும் வரும். மாற்று டிஸ்க்கு கேட்டு எழுதிப் போட்டேன். பூஜையன்று ஆபீஸ் சண்முகவடிவு சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவளை மூன்றாவதில் நிறுத்தினேன்.

"அதுக்கு வேண்டாம் வடிவு. அது செத்துருச்சு."

"வாயக் கழுவுங்கண்ணே, பூசையும் அதுவுமா. செத்தத உள்ள வச்சுக்கிட்டா சோலி பாக்கீக?"

"மத்த நாலும் தாங்கிக்கிரும்."

"நம்ம ஆபீசு மாதிரின்னு சொல்லுங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம், வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். பேல் நம்பர் குறித்து வரப் போன தங்கலட்சுமியின்மேல் பேல் அடுக்கு சரிந்தது. ஒரு பேல் நூற்று எழுபது கிலோ. இரண்டு மணிக்குப் பேல் எடுக்கப் போனவர்கள்தான் அவளைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னிடம் கேட்டார். படத்தைப் பார்த்தேன், உடனே உயிர் போய்விட்டது என்றேன். விபத்து என்று எழுதி முடிந்தது. படத்தை அன்று வேறு யாரும் கேட்கவில்லை.

கேட்டது அவள் அம்மா குருவம்மாள். பரளச்சியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார்.

"தம்பி, எம் புள்ள துடிச்சாளா, ஒரேயடியாப் போயிட்டாளா? அத மட்டும் நான் கண்ணால பாத்துக்கிறேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

"உடனே போயிட்டாங்கம்மா."

"நீ சொல்லுத. நீயா பெத்த?"

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் இறங்கிவந்தார். "புதன்கிழமை வாங்கம்மா, ஆனந்தகுமார போட்டுக் காட்டச் சொல்றேன்" என்று என்னைக் கைகாட்டினார். அன்றுதான் புது டிஸ்க்கும் வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு மூன்றாவது டிஸ்க்கு என்பது இரண்டு. நாங்கள் முகப்பில் ஒட்டிய நம்பர் ஒன்றில் தொடங்கும். இதில் குழம்பி நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் நிறையப் பேர். நானும் இரண்டு என்று ஒட்டியிருந்த நல்லதை உருவினேன். எல்லாம் நின்றது. அப்போதும் படம் போய்விடவில்லை. உருவியதைத் திரும்பச் செருகி, பழையபடி சேர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். திரும்பச் செருகினேன். செத்ததன் இடத்தில் புதியதை வைத்தேன். பிறகு ஐந்தையும் புதிதாகச் சேர்க்கச் சொன்னேன். இவற்றில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே, தொடரலாமா என்று கேட்டது. சம்மதத்துக்கு ஓர் எழுத்து போதும், தட்டினேன். மதியத்துக்குள் பதினாறு கேமராவும் பழைய படங்களின்மேல் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டன.

மதுரையிலிருந்து வந்த நிபுணர்கூட, அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு என்றுதான் சொன்னார். நீங்களும் நம்பியிருந்தீர்கள். "பொட்டு இல்லாததுதான் செத்ததுன்னு அவுகதான் சார் எனக்கே சொன்னாக" என்று சண்முகவடிவு உங்களிடம் சொல்லும்வரை. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான்கில் பொட்டு இருந்தது. ஒன்றில் இல்லை. கை தவற வழியே இல்லை.

அந்த அம்மாவுக்காகத்தான் செய்தேன், ஐயா. பெற்றவள் பார்க்கிற படமில்லை அது. தங்கலட்சுமி இடுப்புக்குக் கீழே பேலுக்கு அடியில் இருந்தாள். வலது கை வெளியே இருந்தது. இருபத்திரண்டு நிமிடம்.

எப்போது பார்த்தாய் என்று கேட்கிறீர்கள். யார் எந்தக் கேமராவை எப்போது பெரிதாக்கினார்கள் என்ற பதிவு வேறொரு சின்ன டிஸ்க்கில் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. வியாழக்கிழமை ஒன்று பன்னிரண்டிலிருந்து ஒன்று முப்பத்து நான்குவரை, ஏழாம் கேமரா, என் திரை. ஆமாம், அப்போதேதான்.

வாட்ச்மேன் தனுஷ்கோடியிடமும் ஒரு திரை உண்டு. யாராவது பார்த்துப் போவார்கள் என்றுதான் இருந்தேன். தனுஷ்கோடி வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டாம் கேமராவில் தெரிந்தது. சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டிருந்தது ஐந்தாம் கேமராவில் தெரிந்தது. என் அறையிலிருந்து குடோன் அறுபது அடி.

அவள் கேமராவைப் பார்த்துத்தான் கையை ஆட்டினாள். இந்தப் பக்கம் நான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை மேனேஜர் ரூமில் எல்லோர் முன்னாலும் சொன்னாளே: "அந்த ஏழாம் நம்பர் கேமரா நாங்க சாப்பிடுற இடத்தையே மொறச்சுக்கிட்டு இருக்கு. அவுகளுக்குப் பொழுது போகலைன்னா டிவி வாங்கிக் குடுங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே அந்தக் கேமராவைப் பேல் அடுக்கின் பக்கம் திருப்பிவிட்டேன். பெண்களுக்குச் சாப்பிட வேறு ஷெட் கொடுத்தார்கள். அதெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்று முப்பத்து நான்குக்குக் கை நின்றது. உடனே ஏழாம் கேமராவைச் சிறிதாக்கிவிட்டேன், ஐயா. நான் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது.