அக்காவின் நாற்பது பாட்டுகள்

பஸ்ஸில் பாட்டுக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு என்ன கேட்கிறோம் என்றே தெரியாது. நான் அப்படியில்லை. என் பிளேயரில் இணையம் கிடையாது. ஒரு மெமரி கார்டும் அதிலுள்ள பாட்டும்தான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்கக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? விடிந்து வீடு திரும்பும்போது ஹெட்போனை மாட்டினால் கால் தரையில் பாவாது.

ஒரு நாள் கார்டில் எள் போட இடமில்லை. அடைப்பதும் ஒரு கலைதான். பாட்டு ஃபைலில் மூன்று ரகம். வேவ் என்பது பாடியது பாடியபடி, யானை மாதிரி. ஃப்ளாக் அதே யானையை மண்டியிட வைத்துப் பாதி இடத்தில் உட்கார்த்திவிடும். ஒரு மயிரிழைகூடக் குறையாது. எம்பி3 வேறு ரகம். காது கவனிக்காது என்று தான் நினைப்பதையெல்லாம் கழற்றி எறியும். எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று நாம் ஒரு எண் கொடுக்கலாம். எண் குறையக் குறைய, கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும்.

அக்காவின் நாற்பது பாட்டுகள் வேவாக நாலு ஜிபி பிடித்திருந்தன. தொண்டையில் அறுவை சிகிச்சைக்கு முன் பாடிப் பதிந்தவை. அதன் பிறகு அவள் பேசினாலே காற்றுதான் வருகிறது. பதிவு செய்த இடத்தையும் மூடிவிட்டார்கள். வேறு பிரதி இல்லை. "உன்கிட்ட இருந்தா பத்திரம்டா, நீதான் இதுல புலி" என்று கொடுத்தவள் அவளேதான். சின்ன வயதில் அவள் பாட உட்கார்ந்தால் வீடே என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கும். நல்ல குரல். நான் மறுக்கவில்லை.

புதுப் பாட்டுக்கு இடம் வேண்டும். ஃப்ளாக்கில் போட்டிருக்கலாமே என்பீர்கள். என் பாட்டுகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவளுடையதை எம்பி3 ஆக்கினேன். 128-இல் அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது. எனவே 64-க்கு இறக்கினேன். பிறகு 32. உச்சத்தில் அவள் இழுத்து நிறுத்தும் இடம், தண்ணீர் வராத குழாய் சீறுவதுபோல் ஆனது. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மனசு பஞ்சாகிவிட்டது. அப்புறம் அசலை அழித்தேன்.

போன மாதம் அக்கா கேட்டாள். அவள் மகள் அறுவை சிகிச்சைக்குப் பின் பிறந்தவள். "பாப்பாவுக்கு என் குரலே தெரியாதுடா. ஸ்பீக்கர்ல போடேன்."

எம்பி3-ஐத் திரும்ப வேவ் ஆக்கலாம். போனது போனதுதான், ஆனால் அளவு பழையபடி ஊதிவிடும். கட்டெறும்புக்குக் கழுதைத் தோல் போர்த்திக் கொண்டுபோனேன். அத்தான் கணினியில் பார்த்துவிட்டு, "அசல்தான்மா. ஒவ்வொண்ணும் எவ்வளவு பெருசு பாரு" என்றார்.

முதல் பாட்டு ஓடியதும் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "டப்பாக்குள்ள கொசு பாடுது மாமா. யாரு இது?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நான் இப்படியாடா பாடினேன்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் தாங்கமாட்டாள் என்று தோன்றியது.

"இப்படித்தான்கா பாடுவே. உன் மனசு நோகக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"இல்லடா," என்றார் அத்தான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஞாபகம் போகப்போக அழகாயிடும் அத்தான். ஃபைல் பொய் சொல்லாது."

அவர் மறுபடி திரையில் அந்த அளவைப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அக்கா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி நிதானமாகச் சுருட்டினாள்.

"யாரோ ஒருத்தி, கண்ணு" என்றாள் மகளிடம்.

இப்போது அவள் விரலால் தாளம் போடுவதுகூட இல்லை. பாவம்தான். ஆனால் நான் இடத்துக்காகத்தான் செய்தேன்; எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன். அந்த நாலு ஜிபியில் இன்னும் ஒரு பாட்டும் ஏற்றவில்லை. காலையில் பஸ்ஸில் ஏறியதும், அது காலியாக இருப்பதைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.