வரப்பில் உட்கார்ந்த கிளி

அந்தக் கிளி நான்தான் என்று முதலில் நம்பினேன். வழுக்கை விழுந்து, மூன்று பிள்ளை பெற்ற கிளி.

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் வழியாகப் போகும் பஸ். முன் சீட்டில் புலவர் பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பெண்கள். பின்னால் நான். என் பக்கத்தில், ஜன்னலோரம், முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு வாலிபர்.

"மல்லிகா, தினை முத்திடுச்சு. கிளி இன்னும் வரப்புல ஒக்காந்து யோசிச்சிகினே இருக்குது. வெள்ளிக்கிழமை அறுக்க வராங்க" என்றாள் ஒருத்தி, பஸ்ஸுக்கே கேட்கும்படி.

"செய்யுள்ல வெள்ளிக்கிழமை எங்க வருது விஜயா?"

"பேஜார் பண்ணாத. இது சிறைப்புறம். தோழி தலைவிகிட்ட பேசுவா. ஆனா வேலிக்கு அந்தாண்ட நிக்கிறவன் காதுல விழணும்னுதான் பேசுவா. நம்ம பின்னாடியும் ஒருத்தர் கேட்டுகினு இருக்காரு."

எனக்கு வேர்த்துவிட்டது. ஒட்டுக்கேட்டது தெரிந்துபோயிற்றே! பேப்பரை விரித்துத் தலையை மறைத்தேன். பேப்பர் தலைகீழாக இருந்தது.

"கிளிக்குக் காது செவிடா?" என்று இன்னும் சத்தமாகக் கேட்டாள் விஜயா.

என் பக்கத்திலிருந்து குறட்டைதான் வந்தது.

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உடுடி. அவருக்கு எங்க புரியப்போவுது."

விஜயா எழுந்து, குடைக்காம்பால் வாலிபரின் தோளைத் தட்டினாள். "ஏங்க, வெள்ளிக்கிழமை இவளப் பொண்ணு பாக்க வேற எடத்துலர்ந்து வராங்க. கட்டிக்கிறதா இருந்தா இன்னைக்கே வந்து அவங்கப்பாவக் கேளுங்க."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் அவர்.

மல்லிகாவின் அப்பாவைப் பார்க்க மூவரும் தேவிகாபுரத்தில் இறங்கினார்கள்.